அக்கரைக் கடை சாத்தும்வரை

குமாரபாளையத்தில் எங்கள் பஸ் டயர் வெடித்து நிற்கிறது. வேறு டயர் வர நேரமாகுமாம். எதிரே ஓர் ஓலைக் கொட்டகை. போன வருஷம்வரை கள்ளுக்கடை, இப்போது வாலிபர் சங்கம். பெஞ்சுகள் அதேதான், புளித்த வாடைகூட இன்னும் போகவில்லை. மதுவிலக்கு வந்து சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். ஆனால் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி, கோயமுத்தூர் ஜில்லா. அங்கே கடை திறந்திருக்கிறது.

தறியை விட்டு வந்த இருபது வாலிபர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கத்தை நடத்தும் பழனியப்பன் லாந்தர் வெளிச்சத்தில் ஒரு துப்பறியும் நாவலை உரக்க வாசிக்கிறார். கடத்தப்பட்ட பெண்ணோடு ஒரு கார் மலை ஏறுகிறது. ஒருவரும் அசையவில்லை. எனக்கும் ஆவல் தாங்கவில்லை. அருகில் போய்ப் புத்தகத்தை எட்டிப் பார்க்கிறேன். அவர் விரல் இருக்கும் பக்கத்தில் ‘முற்றும்’ என்று அச்சாகியிருக்கிறது. கார் என்னவோ போய்க்கொண்டேதான் இருக்கிறது.

எட்டு மணிக்கு அவர் புத்தகத்தை மூட, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

“கதைதான் முடிந்துவிட்டதே?” என்று அவரிடம் மெதுவாகக் கேட்கிறேன்.

“அது முடிஞ்சு ஒம்பது நாளாச்சுங்க. முடிஞ்சுதுன்னு சொன்னா எந்திரிச்சுப் பாலத்தத் தாண்டிருவாங்க. அக்கரைக் கடை சாத்தற வரைக்கும் இழுத்துத்தானுங்க ஆகோணும்.”

பஸ் ஹாரன் அடிக்கிறது. அவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

“ஏனுங்க, படிச்சவிங்க மாதிரி இருக்கறீங்க. நாளைக்கு அந்தப் புள்ளையக் கார்ல இருந்து எப்படி எறக்கறதுன்னு சொல்லிப்போட்டுப் போங்க.”