கழுத்துப் பிடி

முத்தியால்பேட்டை காசிலிங்கம் வீட்டில் ஆளுக்கொரு ஆட்டம் இருந்தது. அவர் புதுச்சேரி அணிக்குக் கபடி ஆடியவர். மனைவி தனக்கொடி கல்யாணத்துக்கு முன்பு நானூறு மீட்டர் ஓடியவள். பெண்கள் இரண்டு பேரும் ஜூடோவுக்குப் போனார்கள். பெரியவள் பூர்ணிமா ஐம்பத்தேழு கிலோ பிரிவு, சின்னவள் சுவேதா ஐம்பத்திரண்டு. பயிற்சியில் தினமும் ஒருத்தியை ஒருத்தி தூக்கிப் போடுவார்கள். போட்டி என்று வந்தால் தராசே இருவரையும் பிரித்து வைத்துவிடும்.

சுவேதா இரண்டு தடவை தேசியப் பதக்கம் வாங்கியவள். இந்திய முகாமுக்குக் கூப்பிடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதற்கு 2007 தேசியப் போட்டியில் அவள் ஆடியாக வேண்டும். எடைக்கு ஒருத்திதான் புதுச்சேரியிலிருந்து போக முடியும்.

தேர்வு நாளன்று உப்பளம் உள்விளையாட்டரங்கில் எடை பார்த்தார்கள். சுவேதா தராசிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு கிலோவில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பூர்ணிமா.

அக்கா வந்து ஏறினாள். தோள் எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன. முள் ஐம்பத்திரண்டைத் தாண்டவில்லை.

சுவேதாவோடு ஒரே அறையில் படுக்கிறவள். இரண்டு மாதமாக, "எனக்குப் போதும்டி, நீ துன்னு" என்று வறுத்த வஞ்சிரத்தை இவள் தட்டுக்குத் தள்ளியவள். பாசம் என்று நினைத்து இவளும் தின்று தீர்த்திருக்கிறாள்.

"என்னக்கா இது?"

"ஐம்பத்தேழுல அந்தக் கோரிமேட்டுப் பொண்ணத் தாண்ட முடியலடி. எனக்கும் வயசாவுது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வுட்டுக்குடுத்துடுவ. அது எனக்கு வேணாம்."

சுவேதா சுவரோரம் நின்ற அப்பா பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாப்பா?"

காசிலிங்கம் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து எவனோ, "இன்னிக்குக் காசிலிங்கம் வூட்ல அடுப்பு எரியாதுடா" என்று சொல்லிச் சிரித்தான்.

இறுதி ஆட்டத்தில் அவர்கள்தான் எதிரெதிரே நின்றார்கள். பூர்ணிமா முதலில் பாய்ந்து தங்கையைப் பக்கவாட்டில் சாய்த்துப் புள்ளி எடுத்தாள். விழுந்த வேகத்தில் சுவேதா புரண்டு, அக்காவின் முதுகுப்பக்கம் போய்ச் சட்டைக் காலரைப் பிடித்துக் கழுத்தை வளைத்துவிட்டாள். அந்தப் பிடியில் மாட்டியவர் தாங்க முடியாவிட்டால் கையால் தட்டினால் போதும். பிடித்தவர் விட்டுவிடுவார், தட்டியவர் தோற்றார். தட்டாமல் மயங்கிப்போனாலும் தோல்விதான்.

"தட்டுக்கா," என்றாள் காதோரம்.

"மாட்டேன் போடி."

விட்டால் தேசியப் போட்டி போய்விடும். விடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். சுவேதா அக்காவின் கையையே பார்த்தாள். அது இவள் சட்டையைக் கெட்டியாகப் பற்றியிருந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

பற்றியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

நடுவர் பாய்ந்து வந்து சுவேதாவை இழுத்து விலக்கினார். பூர்ணிமா அவிழ்த்துப் போட்ட துணிபோலக் கிடந்தாள். காசிலிங்கம் செருப்புக் காலோடு மெத்தை விரிப்பில் ஏறி ஓடி வந்தார். "பூர்ணீ... யம்மா பூர்ணீ..."

கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து தங்கையைத் தேடினாள்.

"தட்டினேனா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"நீ தட்டவேல்ல."

பூர்ணிமா சிரித்தாள். வெற்றியை அறிவிக்க நடுவர் எழுந்து நிற்கச் சொன்னார். சுவேதா அக்காவின் கையைப் பிடித்தபடி விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவள் தேசியப் போட்டிக்குப் போனாள், தங்கம் வாங்கினாள், இந்திய முகாமிலும் இரண்டு வருடம் ஆடினாள். கழுத்துப் பிடி மட்டும் அப்புறம் எந்த ஆட்டத்திலும் போடவில்லை. பயிற்சியாளர்கள் கேட்டால், "எனக்கு அது வராது சார்" என்று சொல்லிவிடுவாள்.