குளிர்காய்ந்த செடிகள்

அப்பாவுக்கு உலகத்தில் இரண்டு வகைச் செடிகள்தான். குளிரில் செத்துப்போகிறவை ஒரு வகை, குளிர் பட்டால் அழகாகிறவை மற்றது. முதல் வகைக்கு எங்கள் வீட்டில் ஒரேயொரு பிரதிநிதி, அம்மாவின் கறிவேப்பிலை. இங்கே குளிர் தொடங்குகிற ஜூன் பிறந்ததும் அதற்குப் பழைய போர்வை ஒன்றைச் சுற்றிச் சுவரோரம் நிறுத்திவிடுவோம். எங்கள் ஊரான நார்த்மீட்டில் எது தமிழர் வீடு என்பதைக் குளிர்காலத்தில் அந்தப் போர்வையை வைத்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவது வகைதான் அப்பாவின் உயிர். சக்குலன்ட் என்றதும் எல்லோரும் பாலைவனத்தைத்தான் நினைப்பார்கள். அப்பாவுடையவை பனி விழுகிற மலைகளில் பாறை இடுக்குகளில் வளர்கிற இனம். தடித்த இலைகள் ரோசாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னச் சின்னக் குட்டிகள் முளைத்து நிற்கும். செம்பர்விவம் என்று பெயர். லத்தீனில் எப்போதும் உயிரோடு இருப்பது என்று அர்த்தமாம், வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அப்பா இதைச் சொல்லாமல் விடமாட்டார். உடைந்த மண்சாடி, உடுப்புத் தோய்க்கிற பழைய சீமெந்துத் தொட்டி, காலில் போட்டுத் தேய்ந்துபோன ஒரு சோடிச் சப்பாத்து என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றிலும் பருமணலும் சிறுகல்லும் நிரப்பி அவற்றை நட்டிருந்தார். குளிர் வந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவார். வெறும் வானத்துக்குக் கீழே குளிர் கடிக்கக் கடிக்க, பச்சை இலைகள் நுனியிலிருந்து சிவந்துகொண்டு வரும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு பெருமை. செடிக்காரச் சங்கம் ஒன்றில், நரைத்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் அப்பா ஒரே தமிழராக இருந்தார். வசந்தத்தில் அவர்கள் வைக்கும் கண்காட்சிக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா இருட்டோடு வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறி வேலைக்குப் போய், இருட்டிய பிறகுதான் திரும்புவார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் தொங்கும் சாவியால் கதவைத் திறந்து, நூடில்ஸ் அவித்துத் தின்றுவிட்டு டிவிக்கு முன்னால் உட்காருவேன். யாராவது கேட்டால் எனக்கு அது பிடிக்கும் என்றுதான் சொல்வேன். உண்மையில் பிடிக்கவில்லை. டிவியைச் சத்தமாக வைத்தது படம் பார்க்க அல்ல.

அந்தக் குளிர்காலத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா வந்தார். அம்மாவின் ஒரே தங்கை. படுக்கையில் விழுந்த அம்மப்பாவைப் பார்த்துக்கொண்டு அவர் கல்யாணமும் கட்டாமல் இருந்துவிட்டார். அம்மப்பா செத்ததும், தனிய விடக்கூடாது என்று அம்மா விசா எடுத்துக் கூப்பிட்டா. வந்தவரை எப்படியாவது இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் திட்டம். கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்கிறதே என்று எனக்கும் அதே ஆசை.

ஆனால் எங்கள் வீட்டில் சின்னம்மாவுக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. கோப்பையைக் கழுவ மெஷின், உடுப்பைக் காயவைக்க மெஷின். சமைக்கலாம் என்று குசினிக்குள் போனால், ஞாயிற்றுக்கிழமையே அம்மா சமைத்துப் பெட்டி பெட்டியாக ஃப்ரிஜ்ஜில் அடுக்கியிருப்பா. என் தலையைப் பின்னிவிட வந்தார், எனக்குக் கட்டைத் தலைமயிர். யன்னலோரக் கதிரையில் இருந்து பின்வளவைப் பார்ப்பதே அவருக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

ஒருநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நான் பின்னேரம் வந்தபோது சின்னம்மா அப்பாவின் செடிகளுக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"பிள்ளை, இஞ்ச வந்து பாருங்கோ. உடம்பெல்லாம் சிவந்துபோச்சு. இதுகளுக்கு அம்மாள் வருத்தம் போல கிடக்கு."

அம்மாள் வருத்தம் என்றால் உடம்பெல்லாம் கொப்புளம் போடுகிற நோய் என்பதும், அது வந்தவர்களை வேப்பிலைக்கு நடுவில் படுக்க வைப்பார்கள் என்பதும் அன்று சின்னம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"தே ஆர் ஓகே, சின்னம்மா. அது அப்பிடித்தான்."

"என்ன அப்பிடித்தான்? ஒருத்தரும் பாக்காட்டி எப்பிடி இருக்கும்? கறிவேப்பிலைக்குப் போர்வை, இதுகளுக்கு ஒண்டும் இல்லை. பாவங்கள்."

பகிடியாகத்தான் தொடங்கினார் என்று நினைக்கிறேன். வேப்பிலைக்கு எங்கே போவது? போர்வையை விலக்கி, கறிவேப்பிலையில் ஒரு கொப்பை முறித்து, மஞ்சள் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் தோய்த்துச் செடிகளின் மேல் தெளித்தார். அதோடு விடாமல், தூக்கக்கூடிய சாடிகளையும் அந்தச் சப்பாத்துச் சோடியையும் தன்னுடைய அறைக்குள் கொண்டுபோனார். திங்கள் முதல் அவை அங்கே ஹீற்றருக்கு முன்னால் குளிர்காய்ந்தன. அரிசி கழுவின தண்ணீர் வேளைக்கு வேளை கிடைத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாம் திரும்பவும் வெளியே போய்விடும். எதற்கு அத்தானுக்குச் சொல்லி அவரைக் கவலைப்படுத்த வேணும் என்பது சின்னம்மாவின் நியாயம்.

அந்த நாட்களில் நான் ஓடித்தான் வீட்டுக்கு வருவேன். வாசலுக்கே சின்னம்மாவின் குரல் கேட்கும். "இண்டைக்குக் கொஞ்சம் தெம்பாயிருக்கிறியள்" என்று யாரோ நோயாளியோடு பேசுகிற மாதிரிச் செடிகளோடு பேசிக்கொண்டிருப்பார். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, எந்தக் குட்டி நிமிர்ந்தது, எது முகம் கொடுக்கவில்லை என்று எனக்குச் சொல்வார். வந்த நாளில் இருந்து அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. டிவி போட மறந்தேபோனேன்.

செடிகளும் சிவப்பை விட்டுவிட்டு வெளிறிய பச்சையாகி, கழுத்தை நீட்டி உயர்ந்தன. சின்னம்மா அதை வளர்த்தி என்றார். சனிக்கிழமைகளில் அப்பா அவற்றின் முன்னால் நின்று தலையைச் சொறிவார். சங்கத்துக்காரருக்குப் போன் எடுத்து விசாரித்தார். கடைசியில், "இந்த வருஷத்துக் குளிர் இதுகளுக்குக் காணாது" என்று தீர்ப்புச் சொன்னார். அப்போது அவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

தடிமன் பிடித்து ஒரு புதன்கிழமை மத்தியானமே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நானும் அதே காய்ச்சலோடு வீட்டில்தான் இருந்தேன். சின்னம்மாவின் அறைக் கதவு திறந்திருந்தது. ஹீற்றர் செடிகளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது, சின்னம்மா மறுபக்கத்தில் சால்வையால் போர்த்துக்கொண்டு இருந்தார். ஆனால் அப்பா கோபப்படவில்லை. முதலில் முழித்தார், பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். குளிர்தான் இவற்றுக்கு நல்லது, சிவப்பு நோயல்ல, அதுதான் வடிவு என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். அப்பா அவ்வளவு அன்பாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

"இதுகளை ஒருத்தரும் பாக்கத் தேவையில்லை. தன்பாட்டில விட்டாலே நல்லா இருக்குங்கள். நீர் இனி வீணாக் கஷ்டப்படாதையும். சும்மா இரும்."

"ஓம் அத்தான்," என்றார் சின்னம்மா.

சாடிகளை அவரே வெளியே வைத்தார். அப்பா உதவப் போனபோது வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த சில வாரங்கள் வீட்டுக்கு வந்த அன்ரிமார், அங்கிள்மார் எல்லோருக்கும் இந்தக் கதை சொல்லப்பட்டது. செடிக்கு அம்மாள் வந்த கதை என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னம்மாவும் சிரித்தார். அவர்கள் போனதும் யன்னலோரக் கதிரைக்குத் திரும்பிப் போவார். அம்மா விசா நீடிப்பதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, ஊரில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன், பார்க்க ஆளில்லை, நான் போகவேணும் என்றார். அம்மா கெஞ்சியும் பார்த்தா, கத்தியும் பார்த்தா. ஆகஸ்ட் முடியமுன் சின்னம்மா போய்விட்டார். அவவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா எல்லோருக்கும் சொன்னா. முதலில் நானும் அப்படியே நம்பினேன்.

சாவி திரும்பவும் என் கழுத்துக்கு வந்தது. வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது, எனக்கு அழுகை அழுகையாக வந்தது. செடிகள் சுகமில்லாமல் போனதைப் பார்க்க முடியாமல்தான் சின்னம்மா போனார் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அவை தேறிவிட்டன என்று தெரிந்தால் வந்துவிடுவார். அப்பா நீண்ட கழுத்துகளை வெட்டி எறிந்துவிட்டுக் குட்டிகளை மட்டும் வெளியே விட்டிருந்தார். கடைசிக் குளிரில் அவை இலைக்கு இலை சிவந்தன. கண்காட்சியில் அந்தச் சப்பாத்துச் சோடிக்கு மூன்றாம் பரிசுகூடக் கிடைத்தது.

அந்த ஞாயிறு அம்மா போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது பறித்து வாங்கிச் சொன்னேன்.

"சின்னம்மா, செடியெல்லாம் இப்ப நல்ல சுகம். ஒருத்தரும் ஒண்டும் செய்யிறேல்லை, சும்மா விட்டிருக்கிறம். அப்பாவுக்குப் பிரைஸும் கிடைச்சது."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"கேக்குது பிள்ளை. நல்லது. அம்மாட்டைக் குடுங்கோ."

எப்போது வருகிறீர்கள் என்று கேட்க நினைத்தேன். அதுக்கென்ன, இனி வராமல் எங்கே போவார் என்று போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சின்னம்மாவின் அறையைக் கூட்டி வைக்க ஓடினேன்.