ஒரு ஹெட்போன், ரெண்டு காது

சாக்ஸ் நாற்றமும் ஏசி குளிரும் கலந்த ஒரு வாசனை... எங்கள் நர்சிங் காலேஜ் கம்ப்யூட்டர் லேப் என்றாலே எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும். ஷூவை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். விடிகாலையில் வார்டுக்குப் போட்ட சாக்ஸோடு மொத்த வகுப்பும் மதியம் அங்கே உட்கார்ந்தால்... நீங்களே யோசித்துப் பாருங்கள்!

அப்போது சிதம்பரத்தில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருஷம் சொல்லிக்கொடுத்த பிரஷர் பார்க்கும் முறையை நாங்கள் எல்லாரும் மறந்து, ஆளுக்கு ஒரு தினுசாகப் பார்க்கிறோம் என்று மேடமுக்குச் சந்தேகம். பிராக்டிகல் பரீட்சைக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒருமுறை புதுப்பித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கு ஒரே ஜாலி. மதியம் வார்டு கிடையாதே.
எனக்கு மட்டும் அந்த ஜாலி இல்லை.

ஏனென்றால் எனக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை.

கையில் பட்டை கட்டி, காற்றடித்து, மெதுவாக இறக்கும்போது ஸ்டெத்தில் டொக் டொக் என்று கேட்கவேண்டும். தொடங்கும் இடம் மேல் பிரஷர், நிற்கும் இடம் கீழ் பிரஷர். முதல் வருஷம் அமைதியான டெமோ ரூமில் ஏதோ மங்கலாகக் கேட்டது. வார்டுக்குப் போனதும் அதுவும் போச்சு. ஃபேன் சத்தம் கேட்கும், டிராலி சத்தம் கேட்கும், அது மட்டும் கேட்காது. ஒவ்வொரு தடவையும் ரூம்மேட் ஷர்மிளாவைக் கூப்பிட்டு, "நீ ஒருக்கா பாருடி, டவுட்டா இருக்கு" என்று தள்ளிவிடுவேன். பரீட்சையில் யாரைக் கூப்பிடுவது?

எங்கள் அப்பாவுக்கு முப்பத்தைந்து வயதிலேயே காது மந்தம். அத்தைக்கும் அப்படித்தான். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு டிவி சத்தத்தை வைத்தே தெருவில் பாதிப் பேர் சீரியல் கதையைத் தெரிந்துகொள்வார்கள். அந்தக் காது எனக்கும் வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத நர்ஸை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்? சொன்னால் படிப்பே போய்விடும் என்று பயம்... அப்படியொரு பயம்.

லேபில் ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். ஹெட்போனும் ஒன்றுதான். ஷர்மிளாவுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. தலையோடு தலை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். "உன் பேன் எல்லாம் எனக்கு ஏறப்போவுது" என்றாள்.

திரையில் ஒரு கை. பக்கத்தில் பிரஷர் கருவியின் பாதரசம் மெதுவாக இறங்கியது. சத்தம் தொடங்கும்போது ஒரு க்ளிக், நிற்கும்போது ஒரு க்ளிக். மவுஸ் என்னிடம்.

டொக்.

என் விரல் தானாக அமுக்கிவிட்டது. 'சரி' என்று பச்சையாக வந்தது.

"ஏய், எப்டிடி? எனக்கு இப்பதான் கேக்குது, நீ முன்னாடியே அமுக்கிட்ட!"

அடுத்தது ஒரு குண்டுக் கை. அதற்கடுத்து வயதானவர் கை. சத்தம் நடுவில் மறைந்து, மறுபடி வந்து ஏமாற்றும் ஒரு கை. எல்லாமே கேட்டது! எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"எல்லாம் ரைட்டாதானே வருது, எதுக்குடி அழுவுற?"

"எனக்குக் காது கேக்குதுடி..."

"லூசா நீ? கேக்காம பின்ன?"

அப்பா கதை, அத்தை கதை, என் பயம், எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிறகு, "அப்ப கோளாறு காதுல இல்ல. உன் ஸ்டெத்த எடு, மாட்டு பாப்போம்" என்றாள்.

மாட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் மொத்த லேபும் திரும்பியது.

"அடிப்பாவி! திருப்பி மாட்டியிருக்க. நுனி மூக்குப் பக்கம் பாக்கணும்டி!"

விஷயம் இதுதான். திருப்பி மாட்டினால் நுனி காதின் சுவரில் முட்டி, துளை அடைத்துக்கொள்ளும். முதல் வருஷம் மேடம் எங்களுக்கு எதிரே நின்று ஸ்டெத்தைத் தூக்கிக் காட்டியபோது வளைவு எங்கள் பக்கம் இருந்தது. நானும் வளைவு என் பக்கம் இருக்கும்படி பிடித்து அப்படியே மாட்டிக்கொண்டேன். காட்டியதைக் காட்டியபடி செய்கிற நல்ல பிள்ளை! எல்லாரும் நோயாளியின் கையைத்தான் கவனித்தார்கள், என் காதை யார் பார்த்தார்கள்?

அந்தச் சனிக்கிழமையே பிரஷர் கருவியோடு கடலூர் பஸ் ஏறிவிட்டேன். போனதும் அப்பாவை உட்காரவைத்துப் பட்டையைக் கட்டினேன்.

டொக்... டொக்... டொக்...

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"என்னாம்மா, கேக்குதா?"

"நல்லா கேக்குதுப்பா."

பிரஷர் கொஞ்சம் ஜாஸ்திதான். ஊறுகாயை நிறுத்துங்கள் என்றேன். அது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை.

இப்போது கடலூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பட்டையைக் கட்டிப் பட்டனை அமுக்கினால் நம்பர் வந்துவிடுகிறது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இந்தப் பாடத்தையெல்லாம் போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு இயர்போன். வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று எங்களுக்கும் ஆளுக்கொன்று இருந்திருந்தால், நான் அழுததே ஷர்மிளாவுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்துப் பற்றாக்குறைக்கு ஒரு கும்பிடு.

இந்த வருஷம் அப்பாவுக்குக் காது மந்தமான வயதைத் தாண்டிவிட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் உதறல் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். போன வாரம் மிஷினில் பேட்டரி தீர்ந்துபோய், பழைய பாதரசக் கருவியை எடுத்து, ஸ்டெத்தை மாட்டிக்கொண்டு ஒரு அம்மாவின் கையில் வைத்தேன். வெளியே ஒரே கூட்டம், சந்தைக்கடைச் சத்தம்.

கேட்டது.

அந்த அம்மா பயந்துபோய், "என்னா சிஸ்டர் சிரிக்கிறீங்க, எனக்கு எவ்ளோ இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.