படையலில் வெடித்த கொரொக்கே

மிசாவோ அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவளுடைய கணவரின் அண்ணன் குனிஹிகோதான் நினைவுக்கு வருகிறார். உடனே எனக்கு வயிறு எரிகிறது. அந்த மனிதர் செய்ததை விட்டுவிட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது என்பதால் அவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஹகோதாத்தேயில், துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் தெருவில் இருக்கிறது அக்காவின் 'கமோமே' சாப்பாட்டுக்கடை. அதை ஒட்டிய கறிக்கடை என்னுடையது. 'மேற்கத்திய உணவு' என்று அவள் கடைப் பலகை சொல்கிறது. ஆம்லெட்டுக்குள் சுற்றிய சோறு, கெட்சப்பில் புரட்டிய ஸ்பகெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே கொரொக்கே. உருளைக்கிழங்கை மசித்து, என் கடைக் கறியைக் கொஞ்சம் சேர்த்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. தொட்டுக்கொள்ள சாஸ், பக்கத்தில் வெள்ளைச் சோறு, மிசோ சூப். சாப்பிடுவது குச்சியால். எந்த மேற்கத்தியன் இப்படிச் சாப்பிடுகிறான்? கப்பலில் வந்த இத்தாலிக்காரர் ஒருவர் அந்த ஸ்பகெட்டியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்கள் இது எங்களுடையதில்லை என்கிறார்கள். நம் ஆட்களும் இது நம்முடையதில்லை என்கிறார்கள். அப்படியானால் இத்தனை காலமாகத் துறைமுகத் தொழிலாளிகள் வரிசையில் நின்று தின்றது யார் வீட்டுச் சோறு?

அக்கா கடலுக்கு அந்தப்பக்கம், கணவாய் மீன் காயவைக்கிற வீட்டில் பிறந்தவள். எய்சாகுவைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் வெண்ணெய் வாசனையே அவளுக்குக் குமட்டுமாம். கடையைத் தொடங்கிய மாமனார் ஒரு வெள்ளைக்காரர் வீட்டு அடுக்களையில் தொழில் படித்தவர். வாயைத் திறந்தால் வசவுதான். அக்கா போட்ட கொரொக்கே ஒவ்வொன்றும் எண்ணெயில் வெடித்துச் சிதறும்.

"கெழங்க ஆறவிட்டுப் புடின்னு எத்தன தடவ சொல்றது! கணவாயவே கட்டிக்கிட்டு அழுதிருக்கலாம் நீ" என்று கத்துவார்.

எய்சாகு மெதுவாக வந்து, "வெடிச்சத நான் தின்னுக்கறேன். நீ அடுத்ததப் புடி" என்பார்.

அப்படித் தின்று தின்றே அவருக்குத் தொந்தி விழுந்தது. அக்காவுக்குக் கை படிந்து, துறைமுகம் முழுக்கப் பெயர் வாங்கிய பிறகும், எப்போதாவது ஒன்று வெடித்தால் அது எய்சாகுவின் தட்டுக்குத்தான் போகும். வேறு யாரும் தொடக்கூடாது.

இந்த எண்ணெய்ச் சட்டி சம்பாதித்ததில்தான் குனிஹிகோ படித்தார். சப்போரோவில் காப்பீட்டு ஆபீஸ் உத்தியோகம், டை, கார் எல்லாம் அதில் வந்ததுதான். ஆனால் புத்தாண்டுக்கோ திதிக்கோ குடும்பம் கூடினால், "விசேஷத்துக்கு நம்ம சாப்பாடுதான் வேணும்" என்று வெளியிலிருந்து பெட்டிச் சாப்பாடு வரவழைப்பார். ஊருக்கே சமைத்துப் போடுகிறவள் சொந்த வீட்டு விசேஷத்தில் டீ மட்டும் ஊற்றிக்கொண்டு நிற்பாள். எய்சாகு தங்கமான மனிதர்தான், ஆனால் அண்ணன் முன்னால் வாயில் கொழுக்கட்டை. அந்தக் கோபமும் எனக்கு இன்னும் போகவில்லை.

போன குளிர்காலத்தில் எய்சாகு ஆஸ்பத்திரியில் படுத்தார். தொண்டையில் புற்று. கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் அக்காவின் கையைப் பிடித்து, "வெடிச்சது ஒண்ணு கொண்டாயேன்" என்றாராம்.

"வீட்டுக்கு வாங்க. சூடாப் போட்டுத் தர்றேன்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அவர் சாம்பலாகத்தான் வீட்டுக்கு வந்தார்.

இந்தக் கோடையில் அவருக்கு முதல் ஓபோன். செத்தவர்கள் வீடு திரும்பும் நாட்கள் அவை. முதல் தடவை வருகிறவர் வழி தெரியாமல் திண்டாடக் கூடாது என்று வாசலில் வெள்ளை விளக்கு கட்டினோம். காலையிலேயே அக்கா என் கடைக்கு வந்தாள்.

"இன்னிக்குக் கறி வேண்டாம், பன்னிக் கொழுப்பும் வேண்டாம். படையல்ல உசுரு கொன்னது ஆகாது. வெறுங்கெழங்க மட்டும் போட்டுத் தாவர எண்ணெயில பொரிச்சுக்கறேன். நீ வந்து கூட நில்லு, அது போதும்."

போனேன். இரண்டு கொரொக்கே பொரித்தாள். ஒன்று அச்சில் வார்த்த மாதிரி. இன்னொன்றுக்குக் கிழங்கை ஆறவிடாமல் சூட்டோடு பிடித்தாள். எண்ணெயில் போட்டதும் பட்டென்று வெடித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, சாஸ் ஊற்றி, வீட்டுப் புத்தர் மாடத்தில் எய்சாகுவின் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

குனிஹிகோ உள்ளே வந்தார். கொண்டுவந்த கஸ்தெல்லா கேக் பெட்டியை ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைத்தார். கும்பிட்டார். பிறகு கொரொக்கே தட்டைத் தூக்கிக் கீழே, செருப்பு கழற்றும் படிக்கட்டு ஓரமாக வைத்தார். நாய்க்கு வைப்பது போல!

"மிசாவோ, படையல்ல கறி வைக்கக்கூடாதுன்னுகூடவா தெரியாது?"

"கறி இல்ல, அத்தான். கொழுப்பும் இல்ல."

"இல்லாட்டி என்ன? வெள்ளக்காரன் தீனி வெள்ளக்காரன் தீனிதான். புத்தர் முன்னால வைக்கிற பண்டமா இது? அதுலயும் ஒண்ணு பிஞ்சு கெடக்கு. கடையில மிஞ்சினதா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் கழுத்தில் தொங்கிய கறுப்பு டையைப் பிடித்து, இது எந்தப் புத்தர் கொடுத்தது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அக்கா முந்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நீங்க கொண்டாந்திருக்கீங்களே கஸ்தெல்லா, அத மட்டும் புத்தரா சுட்டாரு? போர்த்துக்கல்காரன் கப்பல்ல வந்த கேக்குதானே அது?"

"அது... அது எப்பவோ வந்தது. நம்மளோடதா ஆயிப்போச்சு."

"யாரு ஆக்குனா? யாரோ ஒருத்தன் தெனமும் அடுப்புல நின்னுதானே ஆக்குனான்? அவனுக்கு ஒரு நியாயம், உங்க தம்பிக்கு ஒரு நியாயமா? இந்த மண்ணுல வெளஞ்ச கெழங்கு, நாங்க ரெண்டு பேரும் கை வெந்து பொரிச்சது. நீங்க படிச்சது இந்தத் தீனியில. உங்க அப்பா சவப்பெட்டிக்குக் கொடுத்ததும் இந்தத் தீனியில. இன்னும் எத்தன வருஷம் ஆகணும், அத்தான், இது நம்மளோடது ஆகறதுக்கு?"

அக்கா தட்டை எடுத்துத் துடைத்து மறுபடி படத்துக்கு முன்னால் வைத்தாள். கஸ்தெல்லாவைக் கொஞ்சம் தள்ளித்தான் இடம் பண்ண வேண்டியிருந்தது.

பிக்கு வந்து மந்திரம் ஓதினார். கொரொக்கே தட்டையும் சேர்த்துப் பார்த்துக் கும்பிட்டார். அவர் போன பிறகு, வழக்கப்படி படையலை இறக்கிக் குடும்பத்தார் பங்கு போட உட்கார்ந்தார்கள். குனிஹிகோவின் கண் கொரொக்கே தட்டிலேயே இருந்தது. பொரித்த வாசனை அந்த அறை முழுக்க நின்றது. சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்த வாசனை, விடுமா?

"சரி, ஒண்ணு இப்படிக் குடு. சாஸ் இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார்.

அக்கா கஸ்தெல்லாவில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு கையாலும் மரியாதையாக அவர் முன்னால் வைத்தாள்.

"நம்ம சாப்பாடு சாப்பிடுங்க, அத்தான்."

நல்ல கொரொக்கேயை என் கையில் கொடுத்தாள். வெடித்ததை எடுத்துக்கொண்டு எய்சாகுவின் படத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு தூள் மிச்சம் விடாமல் தின்றாள்.