தொண்டூரில் ஏழு நிமிடம்

செஞ்சி பஸ் நிலையத்தில் நாலே முக்கால் வண்டியில் ஏறியபோது ஓட்டுநர் இருக்கையில் அஜித்நாதன் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். பஸ்ஸின் வண்ணம் மாறியிருந்தது, அவர் மீசை வெளுத்திருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தவர், "நெல்லு கமிட்டில எடை போடுவாரே சுந்தரமூர்த்தி, அவரு பொண்ணு ஷோபனாதானே நீ?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் இன்ஜின் பெட்டிமேல் கிடந்த துண்டை எடுத்து இடம் விட்டார். பள்ளி நாட்களில் ஏழு வருடம் நான் உட்கார்ந்து வந்த இடம் அது. உட்கார்ந்தேன். அதே சூடு.

தொண்டூர் நிறுத்தத்தில் வண்டி நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு அவர் இறங்கினார். புளியமரத்தடியில் அவர் மனைவி திரிசலா தூக்குச்சட்டியோடு நின்றிருந்தார். அஜித்நாதன் கை கழுவிக்கொண்டு அங்கேயே நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார்.

வெளியூர்க்காரர்கள் யாராவது வண்டியில் இருந்தால் இந்த இடத்தில் கட்டாயம் கேள்வி கேட்பார்கள். அஜித்நாதன் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அவருடைய கடைசி நடை முடிய இரவு ஒன்பதாகிவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே, வழியில் இருக்கும் சொந்த ஊரில், ஏழு நிமிடம். முதலாளி ஒப்புக்கொண்டார், மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான். நாங்கள் அந்த ஏழு நிமிடத்தில் புளியங்காய் பொறுக்கியிருக்கிறோம், மறுநாள் கணக்குப் பாடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறோம். ஒருத்திக்குக் காது குத்தின இடத்தில் வேப்பெண்ணெய்கூடப் போட்டுவிட்டிருக்கிறோம். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வண்டிகளில் போனேன். கதவு சொன்ன நொடிக்குத் திறந்தது, சொன்ன நொடிக்கு மூடியது. ஓட்டுநர் சாப்பிட்டாரா என்று எந்த ஊரிலும் எனக்குத் தெரிந்ததில்லை.

அந்த மாதம் முழுக்க ஆதார் திருத்தம், வங்கி, வாடகை அறை என்று தினமும் செஞ்சிக்குப் போய்வந்தேன். அப்போதுதான் நடத்துநர் கன்னியப்பன் விஷயத்தைச் சொன்னார். நயினார் (சமணர் என்பதால் அஜித்நாதனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வண்டியை விடப்போகிறார். திண்டிவனம் சாலையில் ஒரு தனியார் பள்ளியில் வேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் நாலரைக்கு வீடு, ஞாயிறு விடுமுறை. அவருக்கு முதுகுவலி வேறு. அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அதுவரை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"போனா போகட்டும்மா. இனிமே வண்டிய தொண்டூர்ல நிறுத்தி வெச்சி, எங்கள சோத்து வாசனைய மோப்பம் புடிக்க வெக்க மாட்டாங்க" என்றார் கன்னியப்பன். அஜித்நாதன் திரும்பாமலே, "உனக்கு ஒரு வாய் குடுக்கலன்ற கடுப்பு, இன்னா?" என்றார்.

வேன் யோசனை அவர் மகள் அனந்தியுடையது. புதுச்சேரியில் செவிலியராக இருக்கிறாள். அப்பாவின் முதுகு எக்ஸ்ரேயைப் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. வாழ்க்கையில் நம்மை உந்துவது எது என்று யாரோ மேடையில் பேசிய வீடியோ ஒன்றை அவருக்கு அனுப்பியிருந்தாள். காலையில் எதற்காக எழுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள் என்றாராம் அந்தப் பேச்சாளர். இவர் நிஜமாகவே எழுதினார். மகள் படிப்பு. வீட்டுக்கு மாடி. பழக்கம். மகள் படித்து முடித்துவிட்டாள், மாடி கட்டியாகிவிட்டது. பழக்கத்தைக் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று அதை அவரே அடித்துவிட்டார். மிச்சம் ஒன்றுமில்லை. "அப்ப எதுக்கு ஓட்டுறேன்னு எனக்கே தெரியலம்மா" என்றார் என்னிடம். வருத்தமாகச் சொல்லவில்லை. டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அந்த வாரம் எங்கள் வண்டியை அன்புச்செல்வன் என்ற இளைஞர் ஓட்டினார். தொண்டூரில் ஆள் இறக்கி ஏற்ற அரை நிமிடம். எங்கள் ஊருக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. தொண்டூர் நிறுத்தத்தில் ஒரு மஞ்சள் வேன் ஓரங்கட்டி நின்றது. பக்கத்தில் அஜித்நாதன், கையில் தண்ணீர் பாட்டில். எதிரே திரிசலா, கையில் தூக்குச்சட்டி. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் எங்கள் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. எனக்குப் பின் இருக்கையில் இருதயமேரி அக்கா. செஞ்சியில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்ப்பவர். அவர் சன்னல் வழியாக ஒரு மாத்திரைப் பொட்டலத்தை வெளியே வீசினார். அது வேனின் சக்கரத்தடியில் போய் விழுந்தது. அஜித்நாதன் குனிந்து எடுப்பதுவரை பார்த்தேன். பிறகு வளைவு வந்துவிட்டது.

மீதியை அஜித்நாதனும் திரிசலாவும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பள்ளியில் ஆண்டுவிழா ஒத்திகையாம். பிள்ளைகளை இறக்கிவிட்டு வர ஐந்தரை ஆகிவிட்டது. வீடு நிறுத்தத்திலிருந்து இருநூறு அடிதான். வேனை வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் புளியமரம் வந்ததும் கால் பிரேக்கை மிதித்தது, கை வழக்கம்போல மூன்று முறை ஹாரனை அடித்தது. பாட்டிலை எடுத்துக் கை கழுவின பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்திருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் கிளம்பிவிடலாம் என்று நிமிர்ந்தால், ஹாரன் சத்தம் கேட்டுத் தூக்குச்சட்டியோடு திரிசலா வந்து நிற்கிறார். அவரும் எதையும் யோசிக்காமல் சோற்றைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

பொட்டலத்தை வாங்கிக்கொள்ள எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். இருதயமேரியின் அண்ணி. அண்ணன் பாக்கியசாமி மூன்று வருடமாகப் படுக்கையில். தங்கச்சி தினமும் வண்டி நிற்கும் நேரத்தில் ஓடிப்போய் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, மாத்திரையைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அதே வண்டியில் ஏறித் தன் ஊருக்குப் போவார். அடுத்த வண்டி ஏழரைக்குத்தான், வீட்டில் அவர் போய்த்தான் உலை வைக்க வேண்டும்.

"மாத்திர தினமும் வந்துடுதுண்ணா. அவருக்கு மாத்திர வேணாமாம், தங்கச்சிதான் வேணுமாம். மூணு நாளா மூஞ்ச திருப்பிக்கினு படுத்திருக்காரு" என்றாளாம் அந்தப் பெண். "நீங்க சாப்புடுற நேரந்தான் எங்களுக்கு விசிட்டிங் டைமு."

அஜித்நாதனுக்கு இது தெரியாது. இருபத்தைந்து வருடமாக ஒரு வண்டி மக்களைக் காக்கவைத்துச் சாப்பிடுகிறோமே என்ற கூச்சத்தில், அவர் ஒரு நாளும் தலை நிமிர்ந்து சாப்பிட்டதில்லை. சட்டியைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டு ஏறிவிடுவார். அந்த நேரத்தில் யார் இறங்குகிறார்கள், எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்ததே இல்லை. தான் எல்லோருக்கும் ஒரு தொந்தரவு, அதை ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்றே நினைத்திருந்தார். புதன்கிழமை மாலை, அவசரமில்லாமல் நின்று சாப்பிட்டபோது அவருக்கு மனசு நிலைகொள்ளவில்லை. வியாழனும் வெள்ளியும் வேண்டுமென்றே அங்கே வேனை நிறுத்திப் பார்த்தார். எதிர்வீட்டுப் பெண் வண்டிக்குள் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் காட்டிச் சொன்னாள். பால் கேனை எடுக்க உறவுக்காரர் வீட்டுக்கு ஓடும் கல்லூரிப் பையன்கள், மகள் வீட்டுக்குக் கீரை கொடுத்துவிட்டு ஏறும் ஒரு அம்மா. அந்த இரண்டு நாளும் அவர்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து போனார்கள்.

பழையபடி பஸ்ஸுக்கே போகப்போவதாகச் சனிக்கிழமை இரவு மனைவியிடம் சொன்னார். திரிசலாவுக்கு இது லேசான விஷயமில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாலைகூட இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. இந்த ஒரு வாரத்தில் இரண்டு நாள் அது நடந்தது. வாழையிலைகூட அறுத்து வைத்திருந்தார். அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, "சரி, போங்க. ஆனா இனிமே நாலு பேர நிமிந்து பாத்து சாப்புடுங்க. முதுகுக்கும் நல்லது" என்றார்.

மகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அனந்தி போனைத் துண்டித்துவிட்டாள். பதினோரு நாள் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் முதுகுக்குக் கட்டும் பெல்ட் ஒன்று கூரியரில் வந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் இப்போது ஓட்டுகிறார். வலி அப்படியேதான் இருக்கிறது. பெல்ட் வெயிலில் அரிக்கிறது என்று வேறு புலம்புகிறார்.

பதில் சொல்ல வேண்டிய அந்தத் திங்கட்கிழமை காலை பள்ளி மேலாளரைப் பார்க்கப் போனபோது என்ன காரணம் சொல்வது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மேலாளர் நல்ல மனிதர். வேலை கஷ்டமா, பிள்ளைகள் தொல்லையா என்று அக்கறையாகக் கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் இல்ல சார். சாப்பாட்டு டைமு ஒத்து வரல" என்றாராம் அஜித்நாதன்.

நாலரைக்கே வீட்டுக்குப் போய் வெளிச்சத்தில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடலாமே, உங்களுக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும் என்று மேலாளர் கேட்டார்.  அஜித்நாதன், ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வேன் சாவியை மேஜைமேல் வைத்தார்.