அக்காவின் தாகம்

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. ஆணி செய்யும் கம்பெனி ஒன்றில் என் அக்காவுக்கு வேலை கிடைத்தது. அப்பா போனபிறகு வீட்டில் அம்மா, அக்கா, நான் மட்டும்தான். காலையில் மீஞ்சூரில் ரயில் ஏறிப் போவாள். தகரக் கூரைக்குக் கீழே ஆணிகளைத் தரம் பிரித்துச் சாக்கில் கட்டும் வேலை. சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பானையில் மொண்டு மொண்டு குடிப்பாள்.

"அங்க தண்ணி இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இருக்குது. குடிச்சா எங்கடி போறது? ஆம்பளைங்க சொவுத்தோரமா ஒதுங்கிக்கினு வந்துர்றாங்க. எங்களுக்குக் கக்கூஸ் இல்ல."

இரண்டாவது கோடையில் வலி வந்தது. விலாவுக்குப் பின்னால் தொடங்கி அடிவயிறு வரை இறங்கும். சுருண்டு படுப்பாள், எழுந்து நடப்பாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எப்படி இருந்தாலும் தாளாது. வாந்தி எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி அவள் வயிற்றை உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாக அழைத்துப் போய் ஏதோ கேட்டாள். கல்யாணம் ஆகாத பெண். திரும்பி வந்த அம்மா அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கஷாயமும் கொடுத்துப் பார்த்தோம். மூத்திரத்தில் ரத்தம் போனதும் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் இரண்டு சிறுநீரகத்திலும் கல் தெரிந்தது.

"தண்ணி பத்தலேன்னா மூத்திரம் கெட்டியாகி, உப்பு படிஞ்சு இப்படிக் கல்லாயிடும்," என்றார் டாக்டர்.

விலாவைக் கிழித்துப் பெரிய கல்லை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "நாள் பூரா தண்ணி குடிக்கணும்மா. அடக்கவே கூடாது. இல்லேன்னா திரும்ப வரும்," என்றார். அக்கா சரியென்று தலையாட்டினாள்.

காயம் ஆறும்வரை வீட்டிலிருந்தாள். முகம் தெளிந்தது. பிறகு வேலைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. முதல் நாள் அம்மாவும் கூடப் போய் சூப்பர்வைசரைப் பார்த்தாள். "பொம்பளைங்க ஒதுங்க ஒரு தட்டி மறைப்பாச்சும் கட்டிக் குடு நைனா," என்று கும்பிட்டாளாம்.

"மேல சொல்றேம்மா," என்றாராம் அவர்.

ஒன்றும் கட்டவில்லை.

அடுத்த கோடையில் அக்காவுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கல் அடைத்து உள்ளே சீழ் பிடித்துவிட்டது, தாமதமாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இப்ப வலியே இல்லடி, அம்மாகிட்ட சொல்லு," என்றாள். பொய். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். மறுநாள் காலையில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் கம்பெனி ஆள் வந்தார். "அந்த எடம் காலியாத்தான் கீது. சின்னப் பொண்ண அனுப்புறியா?" என்றார்.

அதுவரை வாய் திறந்து அழாத அம்மா, என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"இவ வரமாட்டா. நான் வரேன்," என்றாள்.