மாமாவின் ஜோடி சேராத பூட்ஸ்

என் மாமாவின் இரண்டு பாதங்களும் ஒரே ஆளுக்குச் சொந்தமானவை என்று சொன்னால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். இடது பாதம் அகலமாக, விரல்கள் விரிந்து, உழவு ஓட்டுகிற எந்த ஆணுக்கும் இருப்பதுபோல் இருக்கும். வலது பாதம் பள்ளிக்கூடம் போகிற பையனுடையதுபோல் இருக்கும். சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்றுக்குப் பிறகு அந்தக் கால் மட்டும் வளர்வதை நிறுத்திக்கொண்டதாம். நிற்கும்போது அவர் எப்போதும் வலது பாதத்தை இடது பாதத்துக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார். வேட்டி நுனி அதன்மேல் விழும்படி பார்த்துக்கொள்வார்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. அவர்களைப் பெற்றவர்கள் போனபிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் ஊர். உழவுக்கு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். சாலில் நேராக நடக்க முடியாதவனுக்குக் கூலி எதற்கு என்பார்கள். ஆனால் மாடு என்று வந்துவிட்டால் அவர்தான். மூக்கணாங்கயிறு குத்துவதிலிருந்து கன்று போடுவதுவரை, வாயில்லா ஜீவன்கள் அவர் பேச்சைக் கேட்டன. எங்கள் அப்பா மட்டும் கேட்கவில்லை.

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவருக்கு உண்டு, அவ்வளவுதான். மாமாவின் தட்டில் களி விழும்போதெல்லாம் அப்பாவின் வாயிலிருந்தும் ஏதாவது விழும். மாமா களியை விழுங்கிவிட்டு மாட்டிடம் போய்விடுவார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவித்தாள்.

இப்படி இருந்தபோதுதான், சுதந்திரம் வந்து சில வருஷங்கள் கழித்து, மத்திகிரிப் பக்கத்து மாட்டுப் பண்ணையிலிருந்து ஒரு அதிகாரி சந்தைக்கு வந்தார். கூட வந்த காளை லாரிச் சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. சந்தையே ஓடியது. மாமா மட்டும் வைக்கோல் குப்பைக்குள் நின்றபடி அதன் மூக்கைப் பிடித்து, காதில் ஏதோ சொல்லி, ஆட்டுக்குட்டியைப்போல் நிறுத்திவிட்டார். அதிகாரிக்கு ஆள் பிடித்துப்போயிற்று.

"பண்ணைக்கு வர்றியாப்பா? தங்கறதுக்கு ரூம்பு குடுப்போம். மாசம் பொறந்ததும் வந்துரு. ஆனா வெறுங்கால்ல வராத. எங்க காளை மிதிச்சா விரலு மிஞ்சாது. பூட்ஸ் போட்டுக்கிட்டு வந்து தொழுவத்த ஒரு சுத்து சுத்திக் காட்டு. நல்லா நடந்தீன்னா வேலை உனக்குத்தான்."

கணுக்கால்வரை வைக்கோல் மூடியிருந்ததால் வெறுங்கால் என்பது மட்டும் அதிகாரிக்குத் தெரிந்ததே தவிர, பாதம் எப்படிப்பட்டது என்று தெரியவில்லை. மாமாவும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் அப்போது பூட்ஸ் இருந்தது பட்டாளத்திலிருந்து திரும்பிவந்த ஒரே ஒருவரிடம். மாமா அவரிடம் கெஞ்சி வாங்கிவந்து, வைக்கோல் போருக்குப் பின்னால் நடந்து பழகினார். நான்தான் காவல். இடது கால் கச்சிதம். வலது கால் ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸை விட்டு வெளியே வந்தது. கிழிந்த துணியை அடைத்துக் கட்டினார். பூட்ஸ் நின்றது, கால் நிற்கவில்லை. உள்ளே உருண்டு, குதிகால் தேய்ந்து, துணியெல்லாம் ரத்தமாகிவிட்டது. அப்பா எந்தப் பக்கமாக வந்தாரோ தெரியாது.

"இருக்கிற காலு லட்சணத்துக்குப் பூட்ஸு ஒண்ணுதான் கேடு" என்றார்.

மாமா பூட்ஸைக் கழற்றி, உள்ளே படிந்திருந்ததைத் துடைத்து, உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அப்பாவும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் அம்மா, "சந்தைக்குப் போலாம் வா, உன் காலுக்கு ஏத்தது ஒண்ணு இருக்காமயா போயிரும்" என்று கிளம்பிவிட்டாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் பெங்களூரிலிருந்து பட்டாளத்துச் சாமான் கொண்டுவந்து விற்கிற பாய் ஒருவர் இருந்தார். கன்னடத்தில் கூவி, தெலுங்கில் பேரம் பேசி, தமிழில் விற்றுவிடுவார். கம்பளி, தண்ணீர்க் குடுவை, பெல்ட்டு எல்லாம் தரையில் கிடக்கும். பூட்ஸ்களை மட்டும் ஜோடி ஜோடியாக நாடாவை முடிந்து கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்.

பாதித் தூரம் போனபோது அம்மாவுக்குப் புதுக் கவலை வந்தது. அடுத்தவன் கழற்றிப் போட்ட செருப்பில் அவன் பீடையும் சேர்ந்தே கிடக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கோயிலில் செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் நாங்கள். அப்படியிருக்கக் காசு கொடுத்து இன்னொருவன் சனியை வாங்குவதா? அதிலும் செத்துப்போனவனுடையதாக இருந்துவிட்டால்? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பாய் நல்ல வியாபாரி. மாமா பளபளவென்று இருந்த ஒன்றைத் தொட்டதும் சிரித்தார்.

"பளபளப்பப் பாத்து ஏமாறாத தம்பி. கல்யாணத்துக்குப் போடறதா இருந்தா அது. தெனம் சாணியிலயும் மூத்திரத்துலயும் நிக்கறதுக்குன்னா வேற. அடிய மடக்கிப் பாரு. தையல் வாயப் பொளந்தா வுட்டுரு."

மாமா மடக்கிப் பார்த்தார். கட்டைவிரலால் தோலைத் தடவினார். "இது கழுத்துத் தோலு. சுருக்கம் வுழுந்து வெடிச்சிரும். இதுதான் முதுகு" என்று வேறொன்றை எடுத்தார். செத்த மாட்டிலும் அவருக்கு உயிருள்ள மாடு தெரிந்தது. பாய் தலையாட்டிக்கொண்டு, "சரி, காலக் காட்டு" என்றார்.

மாமா இடது காலை நீட்டினார்.

"அந்தக் கால்."

மாமா அசையவில்லை. பின்னால் இரண்டு பேர் பேரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மா என் கையை நசுக்கிப் பிடித்தாள். கடைசியில் மாமா வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, வலது பாதத்தை முன்னால் வைத்தார். அதைப் பகலில், நாலு பேர் மத்தியில், அவரே எடுத்து வைத்து நான் பார்த்தது அன்றுதான்.

பாய் முகத்தில் எதுவும் மாறவில்லை. கயிற்றில் தொங்கியதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுல உனக்கு எதுவும் ஆவாது. இங்க வா" என்று பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே சாக்குப் படுதாவுக்கு அடியில் பூட்ஸ் குவிந்து கிடந்தது. எல்லாம் ஒற்றை. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலையின் தோல் கிழிந்தால் ஒட்டுப் போடவும், மாட்டுக் கழுத்து மணிக்கு வார் அறுக்கவும் விவசாயிகள் அதிலிருந்து வாங்கிப்போவார்கள். முழு பூட்ஸாக யாரும் வாங்கியதில்லை.

"பாப்பா, இங்கிலீஸ் நம்பரு படிப்பியா? அடியில போட்டிருக்கும். எடம் ஒம்போதும் வலம் அஞ்சும் தேடு" என்றார் பாய்.

எனக்கு அதைவிடப் பெரிய கௌரவம் அதுவரை கிடைத்ததில்லை. குவியலுக்குள் இறங்கினேன். எண்ணெயும் பூஞ்சையும் கலந்த வாடை. அடியில் இருந்த ஆணிகள் கையைப் பிறாண்டின. இடது ஒன்பது சீக்கிரமே அகப்பட்டது. வலது ஐந்து அகப்படுகிறவரை அம்மா எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுவிட்டாள். அதுவும் கிடைத்தது. கொஞ்சம் வெளிறியிருந்தது, அவ்வளவுதான். பாய் அதன் உள்ளே குதிகால் பக்கம் தோல் துண்டுகளை அடுக்கி வைத்து உயரம் சரிசெய்தார்.

அப்போதுதான் அம்மா கேட்டாள். "பாய், மறைக்காம சொல்லுங்க. செத்தவங்களதா இது?"

"இல்ல தாயி. அல்லா மேல ஆணை. பட்டாளத்து ஆஸ்பத்திரி ஏலத்துல எடுத்தது. இதப் போட்டிருந்தவங்கல்லாம் உசுரோட வூட்டுக்குத் திரும்பிட்டாங்க."

"அப்பறம் எதுக்கு வுட்டுட்டுப் போனாங்க?"

"இனிமே தேவையில்லன்னுட்டு வுட்டுட்டாங்க."

உயிரோடு இருக்கிறார்கள் என்றதும் அம்மாவுக்கு மூச்சு வந்தது. எனக்கு வேறு சந்தேகம். "இதோட ஜோடியெல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

பாய் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தார். "அதப் போட்டுக்கிட்டுத்தான் போனாங்க கண்ணு" என்றார்.

ஒற்றை பூட்ஸ் போட்டுக்கொண்டு யாராவது வீட்டுக்குப் போவார்களா? நான் கலகலவென்று சிரித்தேன். அம்மா காசு முடிச்சை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தாள். மாமா சிரிக்கவில்லை. இரண்டு பூட்ஸையும் இரண்டு கையில் ஏந்தினார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஐயையோ, செருப்பப் போயி கண்ணுல ஒத்திக்கிறியே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று அம்மா பதறிப்போனாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து இன்னொரு முறை சிரித்தேன்.

மாமா பூட்ஸைப் போட்டு, நாடாவை இறுக்கி எழுந்தார். மாட்டுச் சந்தைப் பக்கம் நடந்தார். அதுவரை அவர் வருவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சத்தத்திலேயே தெரியும், ஒரு அடி பலமாக, ஒரு அடி இழுத்து. அன்று இரண்டு அடியும் ஒரே சத்தமாகக் கேட்டது. காளைகளுக்கு நடுவே போய்த் திரும்பி எங்களைப் பார்த்து வந்தார். வேட்டி நுனியை இழுத்துவிட அவர் கை போகவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷமான இடத்தில் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

மாமாவுக்கு வேலை கிடைத்தது. தொழுவத்தைச் சுற்றி நடந்தபோது அதிகாரி பூட்ஸைப் பார்த்துவிட்டு வேறு எதையும் பார்க்கவில்லையாம். பூட்ஸின் அடித்தோல் பலமுறை மாறியது, நாடா எத்தனையோ முறை மாறியது. ஆனால் அந்த இரண்டு மேல் தோலையும் அவர் மாற்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்கெண்ணெய் தடவி நிழலில் வைப்பார். ஆயுத பூசையன்று பலகை போட்டு ஏற்றி, சந்தனம் குங்குமம் வைப்பார். "அடுத்த வருசம் உன் மாமன் பூட்ஸுக்குக் கெடா வெட்டப்போறான் பாரு" என்று அப்பா என்னிடம் கேலி செய்வார். ஆனால் பண்ணையிலிருந்து மாமா வருகிற நாட்களில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்க் காத்திருந்தவரும் அதே அப்பாதான். மாமாவின் தட்டில் அதன்பிறகு களி மட்டுமே விழுந்தது.

நான் படித்து நர்ஸானேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிரஷர் மெஷினில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று அவர் மனைவி கட்டிலுக்கு அடியிலிருந்த சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்தாள். கணவனின் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள். பிறகு மிஞ்சிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இத என்னாங்க சிஸ்டர் பண்றது?" என்றாள்.

நான் அந்தச் செருப்பையே பார்த்தேன். அவள் அதை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனாள். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அம்மாளுக்காக அழுதேன். முன்பின் தெரியாத இரண்டு பட்டாளத்துக்காரர்களுக்காகவும் அழுதேன். ஒருவர் இடது காலைக் கொடுத்திருந்தார், ஒருவர் வலது காலைக் கொடுத்திருந்தார். அந்த இரண்டில்தான் என் மாமா தினமும் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். பாய் சொன்னது அவருக்கு அங்கேயே, அந்த நிமிஷமே புரிந்திருந்தது.

அன்று சந்தையில் எனக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. மாமா மாட்டுச் சந்தையை இன்னொரு சுற்று சுற்றப் போனபோது நான் திரும்பவும் அந்தக் குவியலுக்குள்தான் இருந்தேன். பாய்க்கு உதவி செய்வதாக நினைப்பு. இடதுகளை ஒரு பக்கம், வலதுகளை ஒரு பக்கம் பிரித்து வைத்து, நம்பர் பார்த்து, நிறம் பார்த்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாய் தடுக்கவில்லை. ஒன்றுக்கும் ஜோடி கிடைக்கவில்லை. ஒழுங்காக அடுக்கி வைக்கத் தெரியாமல் அந்த பாய் எல்லாவற்றையும் எங்கேயோ தொலைத்துவிட்டார் என்று ஊர் வந்து சேரும்வரை அம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். முன்னால் போய்க்கொண்டிருந்த மாமா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.